கொண்டைக்கடலை ஆட்டிய கிரைண்டர்

சாய்க்கும் கிரைண்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாள் இட்லி மாவை வைத்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பதில் மாறிவிட்டது. அன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் 26 பேருக்குக் கூட்டாஞ்சோறு. ஹம்முஸ் என் பொறுப்பு, அதாவது வெந்த கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் சேர்த்து ஆட்டுவது. எள்ளை விழுதாக்கியது, கடலையை வெண்ணெய்போல ஆட்டியது, ஃபலாஃபல் என்ற கடலை வடையில் தோற்றது எல்லாம் இந்தக் கிரைண்டரில்தான். ஒரு வருஷமாக அரிசியும் உளுந்தும் போட்டுத் தெரிந்துகொண்டதைவிட அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டது அதிகம்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர் டேபிள் டாப், டில்டிங் வகை. 150 வாட் மோட்டார், இரண்டு கூம்புக் கல், ஸ்டீல் டிரம், அடியில் கல் தளம். சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 6,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. கடையில் நான்கைந்து கம்பெனிகளின் கிரைண்டரைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தேன், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நான் சொல்லும் நிறையும் குறையும் இந்த வகைக்கே பொருந்தும். இதெல்லாம் கோயமுத்தூர்ப் பக்கம் பிறந்த சாமான். மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் இயந்திரத்தை 1955-ல் அங்கே சபாபதி என்பவர் செய்தார். கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

இதற்கு முன் வீட்டில் இருந்தது அத்தைக்கு வந்த விலையில்லா கிரைண்டர். 2011-ல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதை மாற்ற எனக்கு மனசே இல்லை. ஆனால் அத்தைக்கு இப்போது மூட்டு வலி. குனிந்து டிரம்மைத் தூக்கி மாவு வழிப்பது அவர்களால் முடியவில்லை. டில்டிங் வாங்கியதற்கு அதுதான் காரணம். கைப்பிடியை இழுத்தால் டிரம் முன்பக்கம் சாய்ந்து, மாவு தானாகப் பாத்திரத்துக்கு வருகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம். இட்லி மாவைப் பற்றி இவ்வளவு போதும். உளுந்து நன்றாகப் பொங்குகிறது, அரிசி முக்கால் மணி நேரம் எடுக்கிறது. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில். பின்னால் ஒரு மல்கோவா மரம், முருங்கை, துவைக்கிற கல், கொஞ்சம் வெறும் மண். அங்கிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை முழுக்கத் தெரியும். தை மாதத்தில் ஐந்து மணிக்கே மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கும், அதற்கப்புறம் கொல்லையில் உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். தெருவில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டாஞ்சோறு போடுகிறோம். ஆளுக்கொரு பதார்த்தம், ஒரே வகைச் சமையல். போன முறை செட்டிநாடு, அதற்கு முன் கேரளா. இந்த முறை கல்லூரி படிக்கும் என் மகள் மத்திய தரைக்கடல் என்று எழுதி வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். எதிர்வீட்டு மாமாதான் முதலில் சரி என்றார். குவைத்தில் ஒரு லெபனான்காரர் நடத்திய ஹோட்டல் சமையலறையில் 14 வருஷம் இருந்தவர் அவர்.

மாமா ஒரு விதி வைத்தார். எதையும் ஆன்லைனில் வரவழைக்கக் கூடாது. சேலத்தில் கிடைப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். "அந்த ஊர்க்காரங்க அவங்க சந்தையில கிடைச்சதைத்தானே போடறாங்க, நாமளும் அப்படியே செய்வோம்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. மத்திய தரைக்கடல் உணவுமுறையை 2010-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது ஆலிவ் எண்ணெயை மட்டும் சொல்லவில்லை. விளைவிப்பது, சமைப்பது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மரபு என்றது. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், மொராக்கோ நான்கும் முதலில் வந்தன, 2013-ல் இன்னும் சில நாடுகள் சேர்ந்தன. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நம்மிடம் கூட்டாஞ்சோறு என்று ஒரு சொல்லே இருக்கிறது.

சரி, கடலைக்கு வருகிறேன். 26 பேருக்கு 750 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலை எடுத்தேன். கருப்பு வேண்டாம், தோல் கெட்டி. ராத்திரி ஊறவைத்து, காலையில் அரை ஸ்பூன் சோடா உப்பு போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தேன். சோடா உப்பு கடலையின் தோலை இளக்கும், குக்கரில் வெந்ததும் தோல் தனியாக மிதந்து வரும். தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும் நடுவில் ஒரு கடினம் இருக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தோலையும் சதையையும் இறுக்கிவிடும். அதனால் ஊறவைத்ததும் வேகவைத்ததும் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில். விரலில் எடுத்து லேசாக அழுத்தினால் மாவாகப் போக வேண்டும். அதுவரை விடக் கூடாது. கிரைண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேகாத கடலையைக் காப்பாற்றாது.

எள் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கியது. தோல் நீக்கிய வெள்ளை எள், 400 கிராம். அடுப்பைக் குறைத்து வைத்து, வாசனை வந்ததும் நிறம் மாறுவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். சிவந்தால் விழுது கசக்கும். இதைத்தான் தஹினி என்று ஆயிரம் விலை போட்டு விற்கிறார்கள். நம் வீட்டில் இந்த எள்ளை செக்கில் ஆட்டினால் நல்லெண்ணெய், இடித்து வெல்லம் போட்டால் எள்ளுருண்டை, வறுத்து அப்படியே கல்லில் அரைத்தால் தஹினி. பிரித்துப் பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் கிரைண்டருக்கு இதுதான் கஷ்டமான வேலை. முதலில் வறுத்த எள்ளை அப்படியே டிரம்மில் கொட்டினேன். தப்பு. கல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நிமிஷத்தில் டிரம் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் உறுமியது, ரப்பர் கருகும் வாசனை. உடனே அணைத்தேன். பெல்ட் வழுக்கியிருக்கிறது. மறுநாள் கழற்றிப் பார்த்த மெக்கானிக் தம்பி உள்பக்கம் தேய்ந்திருந்ததைக் காட்டினார். "அக்கா, கெட்டியா இருக்கறதை ஒரேயடியா போடாதீங்க. கல்லு சுத்தினாத்தான் பெல்ட் தாங்கும்" என்றார். பெல்ட் 120 ரூபாய்தான், ஆனால் விருந்து நாளில் அறுந்திருந்தால் கதை வேறு.

அன்றைக்கு நான் செய்தது இது. எள்ளை வெளியே எடுத்து, மிக்ஸியில் போட்டு எண்ணெய் கசிகிற வரைக்கும் பொடித்தேன். எள்ளில் பாதி எண்ணெய்தான், அதனால் கசியத் தொடங்கியதும் அது ஈர மண் மாதிரி ஆகிவிடும். அப்புறம் காலி டிரம்மை ஓடவிட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, அந்தப் பொடியை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டேன். மேலே கல்லை அழுத்தும் திருகைப் பாதி தளர்த்திவிட்டேன், விழுது இளகிய பிறகுதான் இறுக்கினேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. கடைசியில் கரண்டியிலிருந்து பாகு மாதிரி ஒரே நூலாக இறங்கியது. மிக்ஸியில் நான் முன்பு செய்த தஹினியில் நாக்கில் ஒரு நறநறப்பு எப்போதும் இருக்கும். இதில் இல்லை.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வழி இல்லை. வெளிநாடுகளில் சின்ன அளவில் சாக்லேட் செய்பவர்கள் கோகோ விதையை அரைப்பது இதே வகைக் கிரைண்டரில்தான். மோட்டாரையும் பெல்ட்டையும் வலுவாக்கி, மெலாஞ்சர் என்று பெயர் வைத்து விற்கிறார்கள், அது நாள் கணக்கில் ஓடும். நம் வீட்டு 150 வாட் மோட்டாரை அப்படி ஓட்டக் கூடாது. நான் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அணைத்து, அடியில் கை வைத்துப் பார்த்து, சூடு குறைந்ததும் திரும்பப் போட்டேன்.

ஹம்முஸ் ஆட்டும்போது மணி நாலரை. சமையலறையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே கொண்டுபோகலாம் என்றுதான் இருந்தேன். மாமாதான், "ஆட்டினதும் சாப்பிடணும்மா, ஃப்ரிட்ஜ்ல வச்சா ருசி செத்துப் போகும்" என்றார். அதனால் கிரைண்டரையே கொல்லைக்குக் கொண்டுபோனோம். பதின்மூன்று கிலோ இருக்கும், இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். துவைக்கிற கல்லின் மேல் ஒரு பழைய சாக்கைப் போட்டு அதன் மேல் வைத்தோம். சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர். சாக்கு போட்டது நல்லதாகப் போயிற்று, கல் மேல் நேரடியாக வைத்திருந்தால் அதிர்வுக்கு நகர்ந்திருக்கும். சத்தமும் பாதியானது. வெட்டவெளியில் இந்தக் கிரைண்டரின் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இல்லை. மிக்ஸியாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு யாரும் வாய் திறந்திருக்க முடியாது.

வெந்த கடலை உருண்டையாக இருப்பதால் முதலில் கல்லுக்கு அடியில் போகாமல் டிரம்மின் ஓரத்திலேயே உருண்டுகொண்டிருக்கும். அரிசிக்கு இந்தத் தொல்லை இல்லை. கரண்டியால் ஒரு மசி மசித்துப் போட்டால் கல் பிடித்துக்கொள்ளும். கடலை வெந்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டு எட்டு நிமிஷம் ஆட்டினேன். அதற்குள் எலுமிச்சைச் சாற்றில் உப்பும் நசுக்கிய பூண்டும் ஊறிக்கொண்டிருந்தது. புளிப்பில் பத்து நிமிஷம் கிடந்தால் பூண்டின் காரம் அடங்கிவிடும், அரைத்த பிறகு நெஞ்சைக் கரிக்காது. அதையும் ஊற்றி, தஹினியையும் ஊற்றினேன்.

அப்போது நடந்ததைப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். தஹினியில் எலுமிச்சைச் சாறு பட்டதும் கலவை இளகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது அப்படியே இறுகியது. கல்லைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி புரண்டது, டிரம்மின் வேகம் குறைந்தது. கெட்டுவிட்டதோ என்று ஒரு பையன் கேட்டான். மாமா அவசரப்படாமல் ஐஸ் கட்டி மூன்றைப் போடச் சொன்னார். ஐஸ் கல்லுக்கு அடியில் கடகடவென்று உடைந்தது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இறுகியிருந்தது ஓரத்திலிருந்து விட்டுக்கொடுத்து இளக ஆரம்பித்தது, பழுப்பாக இருந்த நிறம் வெளுத்துக்கொண்டே போனது. இன்னும் இரண்டு கட்டி போட்டதும் டிரம் முழுக்க வெள்ளையாக, வழவழப்பாக, வெண்ணெய் திரண்டு வரும் மோர்ப் பானை மாதிரி சுழன்றது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது எள் விழுது இறுகும், போதிய தண்ணீர் சேர்ந்ததும் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து வெளுக்கும். படித்துத் தெரிந்திருந்தேன். மூடியில்லாத டிரம்மில் கண்ணால் பார்ப்பது வேறு. மிக்ஸி ஜாருக்குள் இது தெரியாது.

மாமா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பெய்ரூட்காரன் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டான் கண்ணு. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை" என்றார். அப்போதுதான் அந்த 2010-ம் வருஷக் கதையைச் சொன்னார். லெபனானில் முந்நூறு சமையல்காரர்கள் சேர்ந்து 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்களாம். அந்த எடை தற்செயலாக வந்தது இல்லை. லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். இஸ்ரேலோடு ஹம்முஸ் யாருடையது என்று நடந்த போட்டியில் நாட்டையே தட்டில் வைத்துக் காட்டினார்கள் என்று மாமா சொன்னபோது, அவர் குரலில் 14 வருஷம் அவர்களோடு நின்று சமைத்த பெருமை இருந்தது.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. 2 லிட்டர் என்று போட்டிருப்பது டிரம்மின் கொள்ளளவு. ஹம்முஸ் ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போனால் கல்லைத் தாண்டி மேலே ஏறும், ஆட்டமும் ஒரே சீராக இருக்காது. எனக்கு இரண்டு ஈடு தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு நிமிஷம். ஒப்பிட்டுப் பார்க்கக் கால் கிலோ கடலையை அதே அளவில் மிக்ஸியிலும் அரைத்து வைத்திருந்தேன். மிக்ஸியில் அரைத்தது கைச்சூட்டுக்கு மேல் சூடாக வந்தது, விரலில் தேய்த்தால் துகள் தட்டியது. இரண்டையும் பெயர் சொல்லாமல் இரண்டு கிண்ணத்தில் வைத்தேன். கிரைண்டர் கிண்ணம் முதலில் காலியானது.

இனி தோற்ற கதை. ஃபலாஃபல். வெந்த கடலையில் செய்யக் கூடாது, ஊறிய கடலையைப் பச்சையாக அரைத்துப் பொரிக்க வேண்டும். மசால் வடைக்கு நாம் செய்வதும் இதுதான். எகிப்தில் இதையே கடலைக்குப் பதிலாக ஃபாவா என்ற பெரிய மொச்சை போன்ற பருப்பில் செய்கிறார்கள். கிரைண்டரில்தான் ஹம்முஸ் இவ்வளவு நன்றாக வந்ததே என்ற தைரியத்தில் ஊறிய கடலை, கொத்தமல்லி, பூண்டு, சீரகம் போட்டு ஓடவிட்டேன். நாலு நிமிஷத்தில் விழுதாகிவிட்டது. வடைக்குக் கடலைப்பருப்பு ஒன்றிரண்டாக இருந்தால்தான் மொறுமொறுப்பு என்று சின்ன வயதிலிருந்து தெரியும், ஆனாலும் விட்டுவிட்டேன். எண்ணெயில் போட்ட முதல் நான்கும் பிரிந்து கரைந்தன. இந்தக் கிரைண்டரில் கரகரப்பாக நிறுத்துவது கஷ்டம். கல் எல்லாவற்றையும் மை போல ஆக்கத்தான் பார்க்கும். மீதிக் கடலையை மிக்ஸியில் விப்பர் பக்கம் திருப்பித் திருப்பி நாலு சுற்று விட்டதில் சரியாக வந்தது. நைந்துபோன மாவை வீணாக்காமல் பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சம் ரவை கலந்து, குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினார்கள். வெளியே முறுகலாக, உள்ளே மெத்தென்று வந்தது. குழி வடிவத்தைப் பிடித்துக்கொண்டதால் பிரியவில்லை. பிள்ளைகள் ஃபலாஃபலை விட்டுவிட்டுப் பணியாரத்தைத்தான் தேடினார்கள்.

மற்றவர்கள் கொண்டுவந்ததையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தபூலே என்ற சாலட்டுக்கு புல்கர் வேண்டும். அது வேகவைத்துக் காயவைத்து உடைத்த கோதுமை, வெந்நீரில் ஊறினாலே போதும். நம் கடையில் கிடைக்கும் சம்பா ரவை வேகவைக்காமல் உடைத்தது, ஊறவைத்தால் மட்டும் போதாது. கடைசி வீட்டு அக்கா அதை முக்கால் பதம் வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, கொத்தமல்லியும் புதினாவும் ரவையைவிட அதிகமாக நறுக்கிப் போட்டிருந்தார்கள். பார்ஸ்லி இல்லாத குறை தெரியவில்லை. கத்திரிக்காயை அடுப்பில் சுட்டுத் தோலுரித்து, என் தஹினியில் கால் கிண்ணம் வாங்கிப் பிசைந்து பாபா கனூஷ் செய்தார் மேல்வீட்டுத் தம்பி. அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் விடிகாலையில் போய்ப் பெரிய காயாகப் பொறுக்கி வந்திருந்தார். ஃபெட்டா என்ற சீஸுக்குப் பதில் பன்னீரை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தது பரவாயில்லை, அவ்வளவுதான். ஃபெட்டா செம்மறிப் பாலில் செய்வது, அந்த வாசனை பன்னீரில் வராது. குபூஸ் ரொட்டியைக் கடையில் வாங்கினோம், தோசைக்கல்லில் சூடுகாட்டினோம்.

என்னை ஆச்சரியப்படுத்தியது பருப்புக் கீரை. எங்கள் கொல்லையில் களையாக முளைக்கும். அத்தை அதைப் பருப்போடு கடைவதைத்தான் பார்த்திருக்கிறேன். மாமா வந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "இதை லெபனான்ல ஃபத்தூஷ் சாலட்ல பச்சையா போடுவாங்க" என்றார். கிரீஸிலும் தக்காளி, வெள்ளரிக்காயோடு பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். அங்கேயே கிள்ளி, மண் போக மூன்று தண்ணீர் அலசி, வெள்ளரிக்காய், தக்காளி, வறுத்த குபூஸ் துண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் சேர்த்தோம். லேசான புளிப்பு, கடித்தால் நீர்ப்பிடிப்பு. அத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்றார்கள். ஹம்முஸைத்தான் எள்ளுச் சட்னி என்று சொன்னார்கள், இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கடைசியில் ஏற்காடு காபி. சேலத்தில் 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து மலையில் காபி இருக்கிறது. துருக்கியில் செய்வதுபோல பொடியை மாவாக அரைத்து, வடிகட்டாமல், கூடவே ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்துச் சின்ன டம்ளரில் கொடுத்தோம். கலர் விளக்கு மாமரத்தில் தொங்கியது, மலையில் ஏற்காடு ரோட்டு வளைவுகளில் வண்டி வெளிச்சம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. ஒன்பதரைக்குத்தான் கலைந்தோம்.

கழுவுவதைப் பற்றி. மாவென்றால் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டால் போதும். எள் எண்ணெய் அப்படிப் போகாது. முதலில் டிரம்மைச் சாய்த்து வழித்த பிறகும், கல்லிலும் சுவரிலும் குறைந்தது அரைக் கிண்ணம் ஹம்முஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குபூஸ் துண்டால் துடைத்துச் சாப்பிட்டுவிடுவது நல்லது, நாங்கள் அப்படித்தான் செய்தோம். அப்புறம் இரண்டு கைப்பிடி கடலைமாவும் வெந்நீரும் விட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். கடலைமாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சோப்பு வேண்டாம். கருங்கல்லில் சோப்பு வாசனை தங்கும், அடுத்த இட்லியில் வரும். பூண்டு வாசனை மட்டும் மறுநாளும் இருந்தது. எலுமிச்சைத் தோலும் கல் உப்பும் போட்டு ஓட்டியதும் போய்விட்டது. கூம்புக் கல்லைக் கழற்றி, நடுத்தண்டு நுழையும் ஓட்டையைக் குச்சித் துணியால் துடைக்க மறக்காதீர்கள். எள் எண்ணெய் அங்கே தேங்கிச் சிக்கு வாடை பிடிக்கும்.

குறைகள் இன்னும் இரண்டு. சுவரில் ஒட்டுவதை வழிக்கும் பிளாஸ்டிக் தகடு மெலிது. கெட்டியான விழுதில் அது வளைந்துவிடுகிறது, நான் மரக்கரண்டியால்தான் வழித்தேன். சாய்க்கும் கைப்பிடியின் பூட்டு ஒரு வருஷத்தில் லேசாகத் தளர்ந்திருக்கிறது. டிரம் நிறைய இருக்கும்போது சாய்த்தால், ஒரு கையால் டிரம்மின் விளிம்பையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் இந்தப் பூட்டைக் கொஞ்சம் கனமாகப் போட்டால் இந்த விலைக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் ஒருமுறை ஒரு கிண்ணம் ஹம்முஸ் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள். மிக்ஸியும் ஐஸ் கட்டியும் போதும். டிரம்மில் ஒட்டுவதே பாதி போய்விடும். ஆனால் ஏற்கனவே கிரைண்டர் வீட்டில் இருந்து, அதை இட்லிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தால் தயவுசெய்து ஒருமுறை கடலையைப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் விருந்து என்றால் மிக்ஸியால் இந்த வழவழப்பைக் கொண்டுவர முடியாது. வாங்கும்போது அதே அளவில் ஒரு பெல்ட்டையும் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டாஞ்சோறு பங்குனியில், எதிர்வீட்டு மாடியில். மாமா இப்போதே சொல்லிவிட்டார், மெனு எதுவானாலும் கிரைண்டர் வர வேண்டுமாம். பதின்மூன்று கிலோவைப் பதினெட்டுப் படி ஏற்ற இரண்டு பையன்கள் பெயரும் கொடுத்துவிட்டார்கள்.